பத்துத் துண்டுப் பாண்

முதல் துண்டு ஹீட்டருக்குப் பின்னால் இருந்தது. வெள்ளித்தாளில் சுற்றிய பாண் துண்டு, தீப்பெட்டி அளவு. கனகலிங்கம் முழங்காலில் நின்றபடி அதை வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்தார். வெள்ளைப் பாண். காய்ந்துகூடப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணி. பஸ்காப் பண்டிகைக்கு இன்னும் ஆறு நாள். பஸ்கா வந்தால் யூதர்களின் வீட்டிலோ ஆலயத்திலோ புளித்த மாவில் செய்த எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. பாண், கேக், பிஸ்கட் மட்டுமல்ல, அவற்றின் தூளும் ஆகாது. அந்தத் தூளுக்காகவே அவர் மூன்று வாரமாக யூத ஆலயத்தின் இந்த மண்டபத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நூற்றியிருபது கதிரைகளையும் கவிழ்த்துக் கால்களின் ரப்பரைக் கழற்றிக் கழுவினார். பியானோவின் கட்டைகளுக்கு இடையில் பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டு இழுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தபோது அந்த மண்டபத்தில் எறும்புக்குக்கூட வேலை இருக்கவில்லை.

இப்போது இது.

இரண்டாவது துண்டு புத்தக அலுமாரியின் மேல். மூன்றாவது பியானோ முக்காலியின் கீழ். நாலாவது, ஐந்தாவது, திரைச்சீலையின் மடிப்பில். தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை மண்டபத்தை வாடகைக்கு எடுத்த சாரணர் கூட்டத்தின் சேட்டை என்று முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை துடைத்த இடத்தில் வியாழக்கிழமைப் பாண் எப்படி இருக்கும் என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. கோபம் வந்தால் கேள்வி வருவது குறைவு. பத்தாவது துண்டை எடுத்த பிறகும் கால் மணித்தியாலம் தேடினார். பதினோராவது இல்லை.

சாப்பாட்டைக் குப்பைத்தொட்டியில் போடுவது அவருக்கு வராது. பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற காலத்தை யாழ்ப்பாணத்தில் கண்டவர். பத்துத் துண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சந்தியில் இருக்கும் சின்னப் புல்வெளிக்குப் போனார். பிய்த்துப் புறாக்களுக்குப் போட்டார். ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்து கையைக் கழுவி, வாளியைக் கவிழ்த்து வைத்தார். மனம் நிறைந்திருந்தது.

அந்த நிறைவு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் நீடித்தது.

கனகலிங்கத்துக்கு அறுபத்தொரு வயது. ஊர் சுன்னாகம். தொண்ணூற்றிரண்டில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்திலும் கோழிக்கடையிலும் நின்று, பிறகு சுத்தம் செய்யும் கொம்பனி ஒன்றில் சேர்ந்தவர். அந்தக் கொம்பனிதான் அவரைக் கிழக்கு லண்டனில் இருந்த பழைய யூத ஆலயம் ஒன்றுக்கு அனுப்பியது. அங்கே ஏழு வருடம். கடைசி வருடத்தில் சனிக்கிழமைத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்களைச் சேர்ப்பதே பெரும் பாடாகிவிட்டது. ஒன்பதாவது ஆள் வந்து உட்கார்ந்து, எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலைகள் அவருக்கு ஞாபகம் இருக்கின்றன. பத்தாவது ஆளாக அவர் உட்கார முடியாது. கதவைத் திறந்துவிடலாம், அவ்வளவுதான். ஆலயம் விற்கப்பட்ட அன்று கடைசியாகப் பூட்டிச் சாவியைச் சட்டத்தரணியின் உதவியாளரிடம் கொடுத்ததும் அவர்தான். இப்போது அந்தக் கட்டிடத்தில் அடுக்குமாடி வீடுகள். வேதச் சுருள்கள் இருந்த சுவரின் உயரத்தில் யாரோ ஒருவருடைய சைக்கிள் தொங்குகிறது.

"அது ஆற்றயோ கோயில். உங்களுக்கென்ன?" என்று மனைவி சந்திரவதனா அப்போது கேட்டார்.

"பூட்டினது நானெல்லோ," என்றார் அவர். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

பிறகு இல்ஃபோர்டுக்கு மேலே இருக்கும் இந்த ஆலயம். பதினேழு வருடமாக இங்கேதான் பராமரிப்பாளர். இறைச்சியும் பாலும் ஒன்றோடொன்று சேரக் கூடாது; இறைச்சிப் பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பால் பாத்திரத்துக்கு ஒரு தொட்டி. சிவப்புத் துணி அதற்கு, நீலத் துணி இதற்கு. அதில் அவருக்குப் பிசகு வந்ததில்லை. ஓய்வுநாளான சனிக்கிழமை விளக்கைப் போடுவது அவர்களுக்கு ஆகாது, போடச் சொல்லி அவரிடம் கேட்பதும் ஆகாது. "இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, மிஸ்டர் கே," என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் பொதுவாகப் போய் விளக்கைப் போடுவார். இதைக் கேள்விப்பட்ட நாள் தொட்டுச் சந்திரவதனா வீட்டில், "இஞ்ச ஒரு கறிவேப்பிலையும் இல்லை," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். "யூதருக்கு மட்டும் விளங்குது. எனக்கெண்டால் காது கேளாது," என்பார்.

கட்டிடத்துக்குள் நடக்கும் சமயம் அவருக்குத் தெரியும். அவர்களுடைய வீட்டுக்குள் நடக்கும் சமயம் தெரியாது. வீட்டுக்கு யார் கூப்பிட்டார்கள்? பதினேழு வருடத்தில் இரண்டு தேநீர், ஒரு துக்கம். அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். ஹெடர் என்று சொல்வார்கள். எபிரேய எழுத்து, பண்டிகைகள், பிரார்த்தனை. அவர் வந்த புதிதில் நாற்பத்தைந்து பிள்ளைகள். பெற்றோர் ஒவ்வொருவராக ஹெர்ட்போர்ட்ஷயர் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போக, இப்போது ஒன்பது குடும்பங்களில் இருந்து பதினொரு பிள்ளைகள். காலை ஒன்பதே முக்காலுக்குக் கதவைப் பூட்டினால் பன்னிரண்டேகாலுக்குத்தான் திறப்பது. பாதுகாப்பு விதி அது. உள்ளே வகுப்பு நடக்கும்போது வாசலில் பெற்றோரில் ஒருவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு காவல் நிற்க வேண்டும். அதற்கு முறை வைத்துப் பட்டியல் உண்டு. மற்றவர்கள் பிள்ளையை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் வர அலுப்புப்பட்டு, தெருவோரம் காருக்குள் இருப்பார்கள். ஆகப் பெற்றோரில் ஒருவர் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சலவைக்குக் கொடுப்பதுபோலப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டேகாலுக்குச் சுத்தமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இதில் அவர்களைக் குறைசொல்லக் கனகலிங்கத்துக்கு வாயில்லை. இதே ஞாயிறு பின்னேரம் பார்க்கிங் என்ற ஊரில் பேத்தியின் தமிழ் வகுப்பு வாசலில் அவரும் காருக்குள் வடை சாப்பிட்டபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவர்தான். அதற்கு முன்பு மகள் றொஷானிக்கும் அப்படித்தான். "பதினொரு வருசம் என்னைக் கொண்டுபோய் விட்டீங்கள் அப்பா. வகுப்பு எந்த மாடியில எண்டு தெரியுமா?" என்று அவள் ஒருமுறை சிரித்துக்கொண்டு கேட்டாள். இரண்டாம் மாடி என்றார். வகுப்பு நடந்தது நிலத்தளத்தில்.

கடந்த செப்டம்பரில் நயோமி கெஸ்லர் வகுப்பைப் பொறுப்பெடுத்தாள். வாரநாட்களில் இடைநிலைப் பள்ளி ஒன்றில் இரசாயனம் படிப்பிப்பவள், முப்பத்துநாலு வயது, நடக்கும் வேகத்திலேயே பேசுபவள். வந்த மாதமே நிர்வாகக் குழுவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னாள்: வீட்டில் எவரும் செய்யாத ஒன்றை ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணித்தியாலம் படிப்பிப்பதால் பயனில்லை, பெற்றோரில் ஒருவராவது வாரத்தில் ஒரு மணித்தியாலம் உள்ளே வந்து பிள்ளையோடு உட்கார வேண்டும். நிர்வாகக் குழுத் தலைவர் ஜெரால்ட் பெரல்மன் எழுபத்துநாலு வயதுக்காரர். ஓய்வுபெற்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஆட்களை நம்பிப் பலமுறை ஏமாந்த பிறகு எண்களை மட்டும் நம்பப் பழகியவர். அவர் சொன்னார்: "நல்லது. ஒன்பதில் ஏழு குடும்பம் அப்படிக் கையெழுத்துப் போடட்டும். பஸ்காவுக்கு முன் கடைசி ஞாயிறு வரை நேரம். இல்லாவிட்டால் பிள்ளைகளை ஆறு மைலுக்கு அப்பால் இருக்கும் பெரிய ஆலயத்தின் வகுப்போடு சேர்த்துவிடுவோம்."

அந்தக் கடைசி ஞாயிறு இன்றுதான். தாளில் இதுவரை இரண்டு கையெழுத்து. வகுப்புப் போனால் ஞாயிறு போகும். பிள்ளைகள் போனால் சனிக்கிழமை வயதானவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கனகலிங்கத்துக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. பதினொரு மணிக்குப் பெரல்மன் வருவார். தாளைப் பார்ப்பார்.

ஒன்பதரைக்கு மழை பிடித்தது. கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நயோமி குடையோடு வாசலில் நின்று ஒவ்வொரு பெற்றோரையும் கூப்பிட்டாள். "இன்றைக்கு வேட்டை இருக்கிறது, உள்ளே வாருங்கள், இருபது நிமிஷம் மட்டும்!" எல்லோரும் நல்லவர்கள்; ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்த கிழமை நிச்சயம் என்றார்கள். ஒரு அழைப்பு வர இருக்கிறது என்றார்கள். ஜோயல் என்ற பல்வைத்தியர் தன் மகள் தாமரின் தலையில் முத்தமிட்டு, "நான் வந்தால் குழப்பிவிடுவேன்," என்று சொல்லிக் காருக்குத் திரும்பினார். கனகலிங்கம் கதவைப் பூட்டினார். அன்றைக்குக் காவல் முறை ரூபன் சாக்ஸ் என்ற தகப்பனுக்கு. அந்தப் பெயரைக் கேட்ட நாளில் இருந்து, "பாவம், எங்கட பெடியன் ஒருத்தன் அங்க காவல் நிக்கிறான்," என்று சந்திரவதனா சொல்லிவந்தார். ரூபன் லீட்சில் பிறந்தவர், தலைமயிர் செம்பட்டை என்று எத்தனை தரம் சொல்லியும் அவர் விடவில்லை.

உள்ளே நயோமி மண்டபத்தின் நடுவில் பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கொரு பொருளைக் கொடுத்தாள். சிலருக்குச் சின்ன டோர்ச், சிலருக்கு வாத்து இறகு, சிலருக்கு மரக்கரண்டி. பஸ்காவுக்கு முந்தின இரவு ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சம் பிடித்துப் பாண் தூள் தேடுவார்கள், அகப்பட்டதை இறகால் கரண்டியில் தள்ளி எடுத்து மறுநாள் எரிப்பார்கள் என்று விளக்கினாள். "தேடுகிறவர்கள் ஒன்றும் அகப்படாமல் சோர்ந்துபோகக் கூடாது என்பதற்காக வீட்டில் ஒருவர் முன்னாடியே பத்துத் துண்டுப் பாணை ஒளித்துவைப்பது வழக்கம். நானும் நேற்று இரவு வந்து பத்துத் துண்டு ஒளித்திருக்கிறேன். பத்தும் கிடைக்க வேண்டும். போங்கள்!"

கதவடியில் மொப்போடு நின்ற கனகலிங்கம் விரலை மடித்துப் பத்துவரை எண்ணிப் பார்த்தார்.

பதினொரு பிள்ளைகளும் சிதறி ஓடினார்கள். ஹீட்டருக்குப் பின்னால் டோர்ச் அடித்தார்கள். திரைச்சீலையை உதறினார்கள். பத்து நிமிஷம் போனது.

"மிஸ், இங்கே ஒன்றும் இல்லை."

"பியானோவைப் பார்த்தீர்களா?"

"பளபளவென்று இருக்கிறது மிஸ். என் முகம் தெரிகிறது."

"மிஸ், நீங்கள் உண்மையிலேயே ஒளித்தீர்களா? இல்லை, ஒளிக்க நினைத்தீர்களா?" என்றாள் தாமர். எட்டு வயது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

நயோமி பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ஒளித்த இடங்களை ஒன்று முதல் பத்து வரை எழுதிவைத்திருந்தாள். தானே போய் ஹீட்டரின் பின்னால் கையை விட்டாள். வெறும் கை வந்தது. தலையை நிமிர்த்தினாள். கதவடியில் நின்றவரைப் பார்த்தாள்.

"மிஸ்டர் கே?"

"வெள்ளித்தாளில் சுற்றியிருந்ததா?" என்று கேட்டார் அவர், தெரிந்துகொண்டே.

"ஐயோ."

"ஹீட்டர், அலுமாரி, பியானோ முக்காலி, திரைச்சீலையில் இரண்டு..."

"தீயணைக்கும் குழாயின் பெட்டி?"

"அதுவும் எடுத்தேன்."

"எங்கே போட்டீர்கள்? தொட்டியிலா? வெள்ளித்தாளோடுதானே இருக்கும், எடுத்துக் கழுவி..."

"புறாவுக்குப் போட்டேன்."

நயோமி கண்ணை மூடினாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. கடைசியில் சிரித்தாள், ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. "பத்தையும்! மனிதர் பத்தையும் கண்டுபிடித்திருக்கிறார். இந்த வகுப்பிலேயே என் மிகச் சிறந்த மாணவர்."

"மன்னிக்க வேண்டும், மிஸ். எனக்கு இந்த வழக்கம் தெரியாது."

"எப்படித் தெரியும்? இது வீட்டில் செய்வது." குரலைத் தாழ்த்தினாள். "பெரல்மன் பதினொன்றுக்கு வருகிறார். பிள்ளைகள் கத்திக்கொண்டு தேடுவதையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். வேறு எங்காவது கொஞ்சம் பாண் இருக்குமா? சமையலறையில்? உங்கள் பையில் சாப்பாடு?"

"இந்தக் கட்டிடத்தில் ஒரு தூள் கிடையாது. அதற்கு நான் பொறுப்பு."

"நம்புகிறேன். அதுதானே பிரச்சினை."

கனகலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். மழைக் கோடுகளுக்கு அப்பால் தெருவோரம் கார்கள் வரிசையாக நின்றன. முதல் காரில் ஜோயல் ஏதோ கடித்துக்கொண்டிருந்தார். குவசோன் என்ற பட்டர்ப் பாண். கடித்துவிட்டு மடியில் விழுந்த தூளைக் கையால் தட்டினார். தூள் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் போனது. பதினேழு வருடம் தூளின் பின்னால் அலைந்த கண்ணுக்கு அது எங்கே போனது என்று பார்க்காமலே தெரியும். மண்டபத்துத் தரையில் ஒவ்வொரு ஞாயிறும் எந்தப் பிள்ளை இருந்த கதிரையின் கீழே என்ன கொட்டிக் கிடக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அந்தப் பிள்ளைகள் வந்த கார்கள் எப்படி இருக்கும்?

"மிஸ், பஸ்காவுக்குக் காரையும் சுத்தம் செய்ய வேண்டாமா?"

"வேண்டும். கார், அலுவலக மேசை, கோட்டுப் பை, எல்லாம்."

"அப்படியென்றால் பாண் வெளியேதான் இருக்கிறது. நிறைய இருக்கிறது," என்றார்.

நயோமி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இந்த முறை வந்த சிரிப்பு வேறு.

ஆனால் வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் வாசலைத் தாண்டக் கூடாது. கார்கள் உள்ளே வரவும் கூடாது. பக்கத்தில் இருந்த தரிப்பிடத்தின் பெரிய கேற் ஞாயிறு காலையில் எப்போதும் பூட்டியே இருக்கும். கனகலிங்கம் சாவிக்கொத்தோடு மழையில் இறங்கினார்.

"கேற்றைத் திறக்கவா? முடியாது மிஸ்டர் கே," என்றார் ரூபன், மஞ்சள் சட்டையில் நீர் சொட்ட. "விதி என்ன? தெரியாத வாகனம் உள்ளே வரக் கூடாது."

"தெரியாத வாகனம்தானே? இந்த எட்டும் எனக்குத் தெரியும். அந்த நீலக் கார் மூன்று வருடம், பின்விளக்கு ஒன்று எரியாது. வெள்ளை வான் இரட்டையர் வருவது. மூன்றாவது போன கிழமைதான் புதுசு, பழையதை விற்றுவிட்டார். ஒவ்வொன்றையும் நான் ஜன்னலில் எட்டிப் பார்த்துத்தான் விடுவேன். நீங்களும் பாருங்கள்."

"பெரல்மன் கேட்டால்?"

"நான் திறந்தேன் என்று சொல்லுங்கள். சாவி என்னிடம்தானே இருக்கிறது."

ரூபன் கொஞ்சம் யோசித்தார். "என் கார் ஒன்பதாவது. அது ஏற்கெனவே உள்ளே நிற்கிறது. காவல்காரனுக்கு அந்த ஒரு சலுகை," என்று சொல்லிக் கேற்றின் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

கார்கள் உள்ளே வந்து நிற்க, கேற் மறுபடி பூட்டப்பட, மழை தூறலாகக் குறைந்தது. பெற்றோருக்கு எதற்கு உள்ளே கூப்பிட்டார்கள் என்று தெரியாது. ஜோயல் கண்ணாடியை இறக்கி, "என்ன, தீப்பிடித்துவிட்டதா?" என்றார். பதில் வருவதற்குள் தாமர் டோர்ச்சை அவர் முகத்தில் அடித்தாள்.

"அப்பா, இறங்குங்கள். உங்கள் காரில் பாண் இருப்பதாகத் தகவல்."

"யார் சொன்னது?"

"மிஸ்டர் கே. மடியைப் பாருங்கள்."

ஜோயல் மடியைப் பார்த்தார். தப்ப வழியில்லை. இறங்கினார்.

ஐந்து நிமிஷத்துக்குள் எட்டுக் கார்களின் கதவுகளும் திறந்து கிடந்தன. பிள்ளைகள் இருக்கைகளுக்கு அடியில் தலையை விட்டுக் கத்தினார்கள். வெள்ளை வானில் வளையப் பாணான பேகல் ஒன்றின் பாதி அகப்பட்டது. மரக்கரண்டியால் தட்டினால் சத்தம் வந்தது. "இது போன வருடத்துது," என்று இரட்டையரில் ஒருவன் சொல்ல, "இல்லை, இது ஆபிரகாம் காலத்துது," என்றாள் அவனுடைய தாய். போன் காதில் இருந்தபடி இறங்கிய இன்னொரு தாய், "நான் பிறகு எடுக்கிறேன், என் மகன் காருக்குள் அகழ்வாராய்ச்சி செய்கிறான்," என்று வைத்தாள். கனகலிங்கம் நீண்ட வயரோடு தூசி உறிஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார். ஆனால் அதை எவரும் தொடவில்லை. இறகும் கரண்டியும்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். எவ்வளவு கெட்டியான இறகாலும் கார்க் கால்மிதியில் இருக்கும் தூளை எடுக்க முடியாது என்பது அவர் தொழில் அறிவு. சொல்லாமல் இருந்தார்.

ஜோயல் இருக்கையின் பக்கத்தில் குந்தியிருந்து டோர்ச் பிடிக்க, தாமர் இறகால் தள்ளினாள். "என் அப்பா மெழுகுவர்த்தி பிடிப்பார். நான்தான் இறகு," என்றார் ஜோயல் திடீரென்று. "முடிந்த பிறகு ஒன்று சொல்வார்." வாயில் இரண்டு மூன்று சொற்கள் வந்தன. பாதியில் நின்றுவிட்டது. நெற்றியைத் தேய்த்தார். தாமர் கோட்டுப் பையில் இருந்து நாலாக மடித்த வகுப்புத் தாளை எடுத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். அவளுக்கு ராகம் தெரியாது, பொருளும் தெரியாது. அவருக்குச் சொல் மறந்துபோயிருந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, அவர் அதை இழுத்துப் பாடினார். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதற்கு என்ன அர்த்தம்?" என்று கனகலிங்கம் நயோமியிடம் மெல்லக் கேட்டார்.

"நான் தேடினேன். என் கண்ணில் படாமல் இன்னும் ஏதாவது இருந்தால் அது என்னுடையது அல்ல, தெருப்புழுதிக்குச் சமம். கிட்டத்தட்ட அப்படி."

கனகலிங்கம் அதைக் கொஞ்ச நேரம் மனத்தில் உருட்டினார். "அப்படிச் சொன்னால் போதுமென்றால், நான் மூன்று வாரம் பல்துலக்கும் பிரஷ்ஷோடு நின்றது எதற்கு?"

"முதலில் தேட வேண்டும் மிஸ்டர் கே. தேடாதவனுக்கு இதைச் சொல்ல உரிமையில்லை."

அது ஒரு முழுப் பதிலாக அவருக்குப் படவில்லை. இருந்தாலும் கேட்ட பதில்களில் மோசமானதும் அல்ல.

அப்போது கேற்றுக்கு வெளியே ஒரு ஹோர்ன் அடித்தது. பெரல்மன்.

ரூபன் திறந்துவிட, பழைய சாம்பல் நிறக் கார் மெல்ல உள்ளே வந்து, நிற்க இடமில்லாமல் நடுவில் நின்றது. பெரல்மன் கண்ணாடியை இறக்கினார். திறந்த கதவுகளை, ஈரத்தில் கிடந்த கால்மிதிகளை, முழங்காலில் நின்ற பல்வைத்தியரைப் பார்த்தார்.

"கேற்றை யார் திறந்தது?"

"நான்," என்றார் கனகலிங்கம்.

"பதினேழு வருடமாக ஒரு விதியையும் நீங்கள் மீறியதில்லை."

"பதினேழு வருடமாக ஒரு ஞாயிறும் இவர்கள் உள்ளே வந்ததில்லை, சேர்."

பெரல்மன் எதுவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இரட்டையரில் மற்றவன் மறுபக்கக் கதவைத் திறந்து, டோர்ச்சோடு தலையை உள்ளே விட்டுவிட்டான். "மிஸ்! இங்கே பிஸ்கட்! ஒரு பைக்கற் முழுக்க! ஒளித்துவைத்திருக்கிறார்!"

"அது என் மருத்துவருக்குத் தெரியக் கூடாது," என்றார் பெரல்மன். ஒரு கணம் கழித்துக் காரை நிறுத்தி இறங்கினார். "சரி. அந்த இறகை இங்கே கொடு. நீ பிடிப்பது தவறு."

மழை மறுபடி பிடித்தபோது எல்லோரும் மண்டபத்துக்குள் ஓடினார்கள். பாலுக்கான சமையலறையில் கனகலிங்கம் தண்ணீர் கொதிக்கவைத்து, நீலத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தேநீர் ஊற்றினார். நயோமி பஸ்காவுக்கு ஆகும், மாவு சேராத தேங்காய் பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். வெளியே அள்ளிய தூளெல்லாம் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் வாசலில் இருந்தது. அதை உள்ளே கொண்டுவரக் கனகலிங்கம் எவரையும் விடவில்லை. சப்பாத்தைக்கூடத் தட்டவைத்துத்தான் உள்ளே விட்டார்.

பிள்ளைகள் தங்கள் தாய்தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து தாளை வாசித்தார்கள். தாய்தகப்பன்மாரில் பாதிப்பேருக்கு எழுத்தே மறந்துபோயிருந்தது. அதை மறைக்க அவர்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகள் ரசித்தார்கள். கையெழுத்துத் தாள் மேசைமேல் சுற்றி வந்தது. மூன்று. நாலு. ஜோயல் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கி, "எல்லா ஞாயிறும் நான் உறுதி சொல்ல முடியாது," என்றார். "ஒரு மணித்தியாலம்," என்றாள் தாமர், கடைக்காரி விலை சொல்வதுபோல. ஐந்து. இரட்டையரின் தாய் ஆறு. மற்ற இரண்டு குடும்பமும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். முகத்தைப் பார்த்தால் அவர்கள் யோசிக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

பெரல்மன் தாளைக் கையில் எடுத்து எண்ணினார். "ஆறு. நான் கேட்டது ஏழு." குரலில் கடுமை இல்லை. வருத்தம்கூட இருந்தது. ஆனால் எண் எண்தான் என்றது அவர் முகம்.

கனகலிங்கம் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பழக்கம். பெற்றோருக்கு ஒன்பது கோப்பை ஊற்றி வைத்திருந்தார். ஒன்று எடுக்கப்படாமல் ஆறிக் கிடந்தது. யாருடையது என்று யோசித்தார். ஜன்னலைப் பார்த்தார்.

மழையில் மஞ்சள் சட்டையின் முதுகு தெரிந்தது.

"சேர், அந்தத் தாளைக் கொஞ்சம் தாருங்கள்," என்றார். பெரல்மன் கொடுத்தார். அவர் புதிதாக ஒரு தேநீரை ஊற்றி எடுத்துக்கொண்டு, தாளைக் கோட்டுக்குள் செருகியபடி வெளியே போனார்.

"உள்ளே என்ன சத்தம்?" என்றார் ரூபன். "என் மகன் கத்துவது மட்டும் கேட்கிறது. என்ன கத்துகிறான் என்று விளங்கவில்லை."

"போய்ப் பாருங்கள்."

"நான் போனால் இங்கே யார் நிற்பது?"

"நான் நிற்கிறேன். அந்தச் சட்டையைத் தாருங்கள்."

"நீங்கள் பட்டியலில் இல்லையே மிஸ்டர் கே."

"பட்டியலை நான்தான் கதவில் ஒட்டுகிறேன்."

ரூபன் சிரித்துச் சட்டையைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். "இது என்ன? என்னிடம் எவரும் இதைக் காட்டவில்லையே. மின்னஞ்சலில் வந்ததோ என்னவோ, நான் எதைத்தான் வாசித்தேன்." மதிலில் தாளை வைத்து, ஈரம் படாமல் கையால் மறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு தேநீரையும் தாளையும் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். கதவு திறந்து மூடிய அந்தக் கணத்தில் உள்ளே இருந்த சத்தம் முழுவதும் ஒருமுறை வெளியே வந்து போனது.

ஏழு கையெழுத்தால் ஒரு சமூகம் பிழைத்துவிடும் என்று கனகலிங்கம் நினைக்கவில்லை. மழை இல்லாத ஞாயிறுகள் வரும். தொலைபேசி அழைப்புகள் வரும். ஏழில் இரண்டு பேர் கோடைக்குள் கழன்றுவிடுவார்கள். வீடு மாறிப் போகிறவர்களை ஒரு கையெழுத்து மறிக்காது. ஆனால் செப்டம்பரில் இந்தக் கதவை அவர் திறப்பார். அதுவரை பூட்டச் சொல்லி எவரும் வர மாட்டார்கள். மஞ்சள் சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் கட்டிடத்துக்குக் காட்டியபடி நின்றார்.

போன் அடித்தது. சந்திரவதனா.

"எங்க நிக்கிறியள்? பிள்ளைக்கு ரெண்டு மணிக்குத் தமிழ் வகுப்பு. மறந்துபோனியளோ?"

"மறக்கேல்லை. வாறன். இண்டைக்கு ரூபனுக்குப் பதிலா காவல் நிக்கிறன்."

"அந்தப் பெடியனுக்கு என்ன, சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறான். மகனோட உள்ளுக்கு இருக்கிறான்." தெருவை ஒருமுறை பார்த்தார். "இஞ்ச கேளும். இண்டைக்கு எனக்கு வடை கட்டவேண்டாம். வகுப்புக்குள்ள சாப்பிட விடமாட்டினம்."

மறுமுனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வகுப்புக்குள்ள நீங்களோ? ஏன், கார் ஹீட்டர் பழுதாப் போச்சுதோ?"

"இல்லை. எந்த மாடி எண்டு பாக்கப் போறன்," என்றார் கனகலிங்கம்.